வேளாண் மாணவருக்குத் தொழில்முனைவு: வகுப்பறையா, வளாகமா, சந்தையா, இன்குபேட்டரா?

கல்லூரி திறக்கும் நேரத்தில் எனக்கு ஒரே மாதிரியான போன்கள் வரும். பேசுவது பெரும்பாலும் வேலைக்குச் சேர்ந்து ஒன்றிரண்டு வருடம் ஆன உதவிப் பேராசிரியர். “சார், தொழில்முனைவுப் பாடம் இந்த முறை என் தலையில் வந்துவிட்டது. நாற்பது பிள்ளைகள், ஒரு செமஸ்டர். வகுப்பிலேயே நடத்தி முடித்துவிடவா? காளான் கொட்டகை போடவா? வெளியே அனுப்பவா? இல்லை, இன்குபேட்டர் கேட்டு மேலே எழுதவா?”

இன்குபேட்டர் என்றால் புதுத் தொழில் தொடங்குபவருக்கு இடமும் கருவியும் ஆலோசனையும் கொடுத்துத் தாங்கும் மையம். இந்த வழிகள் ஒவ்வொன்றிலும் பிள்ளைகளோடு போய்ப் பார்த்தவன் நான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே மொத்தமாக எழுதிவைக்கிறேன். வீடு தண்டையார்பேட்டையில் என்பதால் உதாரணங்கள் வடசென்னையைச் சுற்றித்தான் வரும்.

‘சென்னையில் ஏது விவசாயம்’ என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் வேர், 1868-ல் நம் சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் பள்ளி. அது 1906-ல் கோவைக்குப் போனது, 1971-ல் பல்கலைக்கழகம் ஆனது. இன்றைக்கும் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையகம் மாதவரத்தில் இருக்கிறது. கொடுவள்ளியில் உணவு, பால்வளத் தொழில்நுட்பக் கல்லூரி, பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி, திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையம். பயிர், மாடு, மீன், பால் எல்லாவற்றையும் சேர்த்தே இந்தக் கட்டுரையில் வேளாண்மை என்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது?

முதல் கேள்வி: நட்டம் வந்தால் அது யார் தலையில் விழும்? மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைத்தான் வைப்பேன். லாபத்தை எப்படிப் பங்கு போடுவது என்று ஒவ்வொரு திட்டமும் விவரமாக எழுதிவைக்கிறது. நட்டத்தைப் பற்றிப் பேச்சே இருக்காது. தன் கைக்காசில் நூறு ரூபாய் போன பிறகுதான் ஒரு மாணவர் விலை போடக் கற்றுக்கொள்கிறார். அதே சமயம், நம்மிடம் படிக்கிற பிள்ளைகளில் பலரது வீட்டில் வட்டிக்கு வாங்கிய கடனுக்குத் தினமும் தண்டல் கட்டுகிறார்கள். நட்டம் பிள்ளைக்கு உறைக்க வேண்டும், வீட்டுக்குப் போய்ச் சேரக் கூடாது. இந்த அளவைச் சரியாக வைப்பதுதான் ஆசிரியர் வேலையிலேயே கஷ்டமான பகுதி.

இரண்டாவது: வாங்குபவர் ‘வேண்டாம்’ என்று சொல்லக் கூடியவரா? சக ஆசிரியரும் விடுதி மெஸ்ஸும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

மூன்றாவது, நாட்காட்டி. செமஸ்டரும் பருவமும் ஒன்றாக ஓடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அதே நாட்களில்தான் வெயில் காளானையும் கோழியையும் வாட்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை.

நான்காவது, உங்கள் நேரம். இதை யாரும் செலவாக எழுதுவதில்லை, ஆனால் நான் பார்த்த முயற்சிகளில் பாதி நின்றுபோனது ஆசிரியர் களைத்துப்போனதால்தான். அப்புறம், எத்தனை பேருக்கு இது போய்ச் சேரும் என்பது.

## வகுப்பறைப் பாடம்

செலவு குறைவு, எத்தனை பேரையும் உட்கார வைக்கலாம். நைஜீரியா எல்லாப் பல்கலைக்கழக மாணவர்களுக்கும் தொழில்முனைவைக் கட்டாயப் பாடமாக வைத்திருக்கிறது. அவ்வளவு பேரைத் தொட வேறு வழி கிடையாது.

முதலீடு, நடைமுறைச் செலவு, லாபமும் நட்டமும் இல்லாமல் நிற்கும் சமநிலைப் புள்ளி, உணவுப் பாதுகாப்புப் பதிவு, ஜிஎஸ்டி, வங்கிக்குத் தரும் திட்ட அறிக்கை எல்லாம் வகுப்பில் சொல்லித்தர வேண்டியவைதான். சந்தையில் போய் நின்றுகொண்டு சமநிலைப் புள்ளி நடத்த முடியாது.

மறைந்திருக்கும் செலவு ஒன்று உண்டு. நாற்பது பேரும் நாற்பது திட்ட அறிக்கை எழுதுவார்கள், நாற்பதிலும் முதல் வருடமே லாபம் வரும். அந்த அறிக்கைக்கு நல்ல மார்க் போட்டு அனுப்பும்போது, தொழில் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நாமே நம்பவைத்து அனுப்புகிறோம். இரண்டு வருடம் கழித்து அதே அறிக்கையோடு வங்கிக்குப் போய்த் திரும்பிவந்த ஒரு பையனைப் பார்த்த பிறகு, வெறும் அறிக்கைக்கு முழு மார்க் போடுவதை நான் விட்டுவிட்டேன்.

## வளாகத்துக்குள் ஒரு தொழில்

இதில் உலகம் பேசும் உதாரணம் கோஸ்டாரிகாவில் உள்ள எர்த் என்ற வேளாண் பல்கலைக்கழகம். 1990-ல் வகுப்புகள் தொடங்கின. மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒரு நிறுவனம் அமைப்பார்கள், பல்கலைக்கழகத்திடமே கடன் வாங்குவார்கள், விளைவித்து விற்பார்கள், வட்டியோடு திருப்பிக் கட்டிவிட்டு மிச்ச லாபத்தைப் பிரித்துக்கொள்வார்கள். ஒரே செமஸ்டரில் முடிகிற வேலை இல்லை, படிப்போடு கூடவே வருடக்கணக்கில் ஓடும்.

நம் நாட்டில் இதற்குப் பக்கத்தில் வருவது, ‘ஸ்டூடண்ட் ரெடி’ திட்டத்தில் இருக்கும் அனுபவவழிக் கற்றல். 2015 ஜூலை 25 அன்று பாட்னாவில் பிரதமர் தொடங்கிவைத்த திட்டம் அது. கிராமத்தில் தங்கிப் பணி அனுபவம் பெறுவது, தொழிற்சாலைப் பயிற்சி ஆகியவையும் அதிலேயே வருகின்றன.

இரண்டுக்கும் நடுவில் உள்ள வேறுபாடு, கடன் என்ற ஒரே சொல். எர்த் மாணவர் வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும். நம் வளாகங்களில் பெரும்பாலும் பொருளை வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள்.

ஒரு காளான் கணக்கைச் சொல்கிறேன். ஐந்து பிள்ளைகள் சிப்பிக் காளான் வளர்த்தார்கள். வைக்கோலை ஊறவைத்து, வேகவைத்து, பாலிதீன் பையில் அடுக்கடுக்காக வித்துப் போட்டுக் கட்டித் தொங்கவிட்டார்கள். நன்றாகவே வந்தது. இரண்டு மாதத்தில் 9,400 ரூபாய்க்கு விற்பனை. வித்து, வைக்கோல், பை எல்லாம் சேர்த்துச் செலவு 5,100. லாபம் 4,300 என்று சுவரில் சார்ட் ஒட்டினார்கள். கைதட்டல் அடங்கியதும் ஐந்து பேரையும் உட்காரவைத்துக் கேட்டேன்: கொட்டகை யாருடையது? அதே அளவு இடத்துக்கு வெளியே மாதம் 1,500 கேட்பார்கள், இரண்டு மாதத்துக்கு 3,000. ஞாயிற்றுக்கிழமை யார் தண்ணீர் தெளித்தது? தோட்டக்கார அண்ணன். எட்டு ஞாயிறு, நாளுக்கு 300 வைத்தால் 2,400. இரண்டையும் கழித்தால் 1,100 ரூபாய் நட்டம். கரண்டையும் மோட்டார் தண்ணீரையும் இன்னும் சேர்க்கவில்லை. வாங்கியவர் யார் என்று கேட்டேன். ஸ்டாஃப் ரூம்.

அந்தப் பிள்ளைகளின் உழைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கணக்கில்தான் கல்லூரி இலவசமாகக் கொடுத்ததெல்லாம் மறைந்துவிட்டது. இந்த வழியின் பெரிய மறைமுகச் செலவு இதுதான். இன்னொன்று, பணம் கல்லூரிக் கணக்கு வழியாகப் போவது. வித்து வாங்க மூன்று இடத்தில் விலைப்புள்ளி கேட்டு, வவுச்சர் கையெழுத்தாகி, காசோலை வருவதற்குள் வாங்கிவைத்த வைக்கோல் பூஞ்சை பிடித்துப்போன கதை எங்களிடமே உண்டு.

வடசென்னைக்கென்று சேர்த்துப் பார்க்க வேண்டியது தண்ணீர். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறிய பகுதிகள் உண்டு. காய்கறிப் பாத்தி போடும் முன் தண்ணீரைச் சோதித்துவிடுங்கள்.

இவ்வளவு சொன்னாலும், இந்த வழி நன்றாக அமையும் இடங்கள் இருக்கின்றன. விடுதியோடு கூடிய கல்லூரி, சொந்த நிலமோ பால் பதப்படுத்தும் சிறு ஆலையோ உள்ள இடம், பிள்ளைகள் இரண்டு செமஸ்டராவது தொடர்ந்து இருக்கக்கூடிய படிப்பு என்றால் இதையே எடுங்கள். ஒரு நிபந்தனை: கொடுப்பதைக் கடனாகக் கொடுங்கள், கொட்டகைக்கு வாடகை போடுங்கள். ரூபாய் கைமாறாவிட்டாலும் புத்தகத்தில் ஏறட்டும்.

## சந்தைக்கு அனுப்புவது

கானாவின் கேப் கோஸ்ட் பல்கலைக்கழகம் 1993-ல், ஆப்பிரிக்க வேளாண்மைக்கு உதவும் சசகாவா அமைப்பின் துணையோடு, உழவர்களுக்கு ஆலோசனை சொல்லும் விரிவாக்கப் பணியாளர்களுக்கென்று ஒரு பட்டப்படிப்பைத் தொடங்கியது. அதன் உயிர்நாடி, மேற்பார்வையோடு செய்யும் தொழில் திட்டம். மாணவர்கள் படிப்பின் நடுவில் பல மாதங்கள் வெளியே போய், உழவர்களோடு சேர்ந்து ஒரு திட்டத்தை நடத்திவிட்டுத் திரும்ப வேண்டும். எத்தியோப்பியா, உகாண்டா, தான்சானியா, நைஜீரியா வரை இந்த முறை பரவியது.

அதை அப்படியே எடுத்து நம் பிள்ளைகளுக்குப் போட முடியாது. அங்கே படித்தவர்கள் பல வருடம் களத்தில் வேலை பார்த்தவர்கள், ஊரில் பெயர் உள்ளவர்கள். நம்மிடம் வருவது பத்தொன்பது வயதுப் பிள்ளை. அதனால் இங்கே ஒரு கைத்தாங்கல் வேண்டும். மீன் விற்கும் அம்மாவோ, கொளத்தூரில் வண்ண மீன் வளர்ப்பவரோ, செங்குன்றத்தில் அரிசி ஆலை வைத்திருப்பவரோ, அந்தத் தொழிலிலேயே இருக்கும் ஒருவர்.

ஒரு குழுவைப் பற்றிச் சொன்னால் விளங்கும். நான்கு பேர். பெரம்பூர் அடுக்குமாடிகளுக்குச் சுத்தம் செய்த மீனை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது அவர்கள் திட்டம். கிலோ 320 என்று சொல்லிப் பத்து கிலோவுக்கு ஆர்டரும் பிடித்துவிட்டார்கள். விடிவதற்கு முன்பே காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் நின்றோம். ஏலக்காரர் சொல்லும் விலை காதில் ஏறுவதற்குள் மூன்று கூடை கைமாறிவிட்டது. ஒரு அம்மா திரும்பிப் பார்த்து, “இன்னா கண்ணு, பாத்துகினே நிக்கிற? எடுக்கிறியா இல்லியா?” என்றார். நாலாவது கூடையை எடுத்தார்கள். சங்கரா, பத்து கிலோ, 2,400 ரூபாய். ஐஸுக்கும் ஆட்டோவுக்கும் 350. கிலோவுக்கு எண்பது ரூபாய் வித்தியாசம் இருக்கிறது, செலவு போக 450 நிற்கும் என்று முகமெல்லாம் சிரிப்பு.

தலையும் குடலும் செதிலும் போனதும் தராசில் நின்றது 6.2 கிலோ.

மீன் பதப்படுத்துதல் தாளில் கழிவு விகிதம் பற்றிய கேள்விக்கு நான்கு பேரும் அதே செமஸ்டரில் சரியாக எழுதியவர்கள். அந்த விடை விலைக்குள் வந்து உட்காரவில்லை, அவ்வளவுதான். 6.2 கிலோவுக்கு 1,984 ரூபாய் வந்தது. நட்டம் 766, தலைக்கு 191 ரூபாய் 50 காசு. ஆர்டர் கொடுத்த மீதிப் பேருக்குப் போன் போட்டு, இன்றைக்கு மீன் இல்லை என்று சொல்வதுதான் அவர்களுக்கு அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அடுத்த வாரம் அவர்களே போய், மீன் வெட்டிக் கொடுக்கும் அக்காக்கள் எப்படிக் கணக்கு வைக்கிறார்கள் என்று பார்த்தார்கள். முழு மீனை நிறுத்து ஒரு விலை, வெட்டுக்கூலி தனி. அதையே பிடித்துக்கொண்டார்கள். மூன்றாவது வாரத்தில் கையைக் கடிக்கவில்லை. வகுப்பில் இரண்டு மாதம் நடத்தினாலும் இந்த ஒரு மாற்றத்தை நான் வரவைத்திருக்க முடியாது.

அந்தக் குழுவுக்கு நாங்கள் போட்டிருந்த விதி: ஒரு மாணவருக்கு 200 ரூபாய் வரை நட்டம் அவர் பொறுப்பு, அதற்கு மேல் போனால் துறையின் சுழல்நிதி தாங்கும். மார்க் லாபத்துக்கு இல்லை, கணக்குப் புத்தகத்துக்கு. 766-ஐ மறைக்காமல் எழுதிக்கொண்டுவந்ததால்தான் அவர்களுக்கு நல்ல மார்க் கிடைத்தது.

மறைமுகச் செலவுகளுக்கு வருவோம். முதலில் உங்கள் தூக்கம். ஐந்து குழுவுக்கு மேல் ஒரு ஆசிரியரால் பார்த்துக்கொள்ள முடியாது. இரண்டாவது, கைகொடுத்தவரின் நட்டம். பிள்ளைகள் தப்பாக விலை சொன்னால் அந்த அம்மாவின் வாடிக்கை கெடும். போவதற்கு முன்பே அவரோடு உட்கார்ந்து, அவருக்கு எவ்வளவு, எதற்கு யார் பொறுப்பு என்று பேசி எழுதிக்கொள்ளுங்கள். அவருடைய நேரத்துக்கு மதிப்பூதியம் கொடுங்கள். பேராசிரியருக்குக் கொடுக்கிறோம், அவருக்கு ஏன் கூடாது?

மூன்றாவது, நேரமும் போக்குவரத்தும். விடியற்காலை ஏலத்துக்கு எல்லாப் பிள்ளைகளையும், முக்கியமாகப் பெண் பிள்ளைகளை, வீட்டில் அனுப்புவார்கள் என்று சொல்ல முடியாது. அவர்களை ஓரமாக உட்காரவைத்துவிடாதீர்கள். வேறு சந்தைகள் இருக்கின்றன. கொளத்தூரில் வண்ண மீன் வியாபாரம் பகலில் நடக்கிறது. கப்பி, மோலி, ஃபைட்டர் என்று சிமென்ட் தொட்டியிலேயே வளர்க்கலாம், மொட்டை மாடி போதும், தடைக்காலமும் கிடையாது. செங்குன்றம் அரிசி ஆலைகளில் குருணை, தவிடு, உமி ஒவ்வொன்றும் என்ன விலைக்குப் போகிறது என்று எழுதிப் பார்த்தாலே ஒரு செமஸ்டருக்கான பாடம். பால் என்றால் கொழுப்பும் இதர திடப்பொருளும் சேர்ந்து விலையை எப்படி முடிவு செய்கின்றன என்று ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் காலை ஆறு மணிக்குப் போய்ப் பார்க்கலாம்.

## இன்குபேட்டரும் பட்டத்துக்குப் பிறகான திட்டங்களும்

ஹைதராபாத்தில் உள்ள இக்ரிசாட் என்ற பன்னாட்டு வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் 2003-லேயே வேளாண் தொழில் இன்குபேட்டர் வந்துவிட்டது. பிறகு ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகங்கள் இன்குபேட்டர் தொடங்கியபோதும் அதன் அனுபவம் உதவியது. மத்திய அரசின் ராஷ்ட்ரிய கிருஷி விகாஸ் யோஜனா ‘ரஃப்தார்’ திட்டத்தில், புதிதாக வேளாண் தொழில் தொடங்குபவர்களுக்கு இரண்டு மாதப் பயிற்சிக்கு மாதம் 10,000 ரூபாய் உதவித்தொகை, யோசனை நிலையில் 5 லட்சம் வரை, அடுத்த நிலையில் 25 லட்சம் வரை மானியம் என்று வைத்திருந்தார்கள். 2002-ல் தொடங்கிய வேளாண் மருந்தகம், வேளாண் வணிக மையத் திட்டம் வேறு மாதிரி; வேளாண் படித்தவர்கள் உழவர்களுக்கான சேவை மையமோ தொழிலோ தொடங்குவதற்கானது. ஹைதராபாத்தில் உள்ள வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனமான மேனேஜின் பொறுப்பில் 45 நாள் இலவசப் பயிற்சி. தனிநபருக்கு 20 லட்சம் வரையான திட்டத்துக்கு வங்கிக் கடன், நபார்டு வங்கி வழியாக 36 சதவீத மானியம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 44 சதவீதம். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், விண்ணப்பிக்கும் மாதத்தில் எது நடப்பில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தொகையைப் பார்த்தால் மற்ற மூன்று வழியும் சின்னதாகத் தெரியும். ஆனால் அந்த 36 சதவீதம் கையில் வரும் பணம் இல்லை. பின்முனை மானியம் என்பார்கள். வங்கியிலேயே தனியாக நிற்கும், அதற்கு வட்டி போட மாட்டார்கள், கடைசியில்தான் கடனில் கழியும். அதுவரை தவணையைத் தொழிலிலிருந்து கட்ட வேண்டும். இதைப் பிள்ளைகளிடம் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. மானியம் எதற்குக் கிடைக்கிறதோ அதுவே தொழிலாகிவிடுகிறது. சந்தையைப் பார்த்துத் தொடங்காமல் விண்ணப்பப் படிவத்தைப் பார்த்துத் தொடங்குகிறார்கள். அப்புறம், பட்டம் வாங்கிய பிள்ளை கடன் அனுமதிக்குக் காத்திருக்கும் மாதங்களில் வீட்டில் சும்மா இருக்க விட மாட்டார்கள். அரசுத் தேர்வுக் கோச்சிங் சேர்த்துவிடுவார்கள், அதோடு முடிந்தது.

ஏற்கெனவே ஒரு பொருளைக் கொஞ்சமாவது விற்றுப் பார்த்த பிள்ளைக்கு இன்குபேட்டரைவிட நல்ல இடம் கிடையாது. ஆய்வுக்கூடம், லேபிள், உரிமம், அனுபவசாலிகளின் ஆலோசனை எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். நாற்பது பேரில் அப்படி இரண்டு மூன்று பேர் இருப்பார்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | வகுப்பறை | வளாகம் | சந்தை | இன்குபேட்டர் |
|---|---|---|---|---|
| நட்டம் யாருக்கு | யாருக்கும் இல்லை | பெரும்பாலும் கல்லூரிக்கு | மாணவர், சுழல்நிதி, கைகொடுத்தவர் | பட்டதாரிக்கு, முழுதாக |
| வாங்குபவர் | இல்லை | தெரிந்தவர்கள் | முன்பின் தெரியாதவர் | முன்பின் தெரியாதவர் |
| ஒரு ஆசிரியருக்கு | 40 பேரும் | 3 அல்லது 4 குழு | 5 குழு வரை | இரண்டு மூன்று பேர் |
| காலம் | ஒரு செமஸ்டர் | இரண்டு செமஸ்டராவது வேண்டும் | 8 முதல் 10 வாரம் | பட்டத்துக்குப் பிறகு |
| கணக்கில் வராத செலவு | பொய்யான தைரியம் | வாடகை, கூலி, தண்ணீர் | ஆசிரியர் நேரம், அடுத்தவர் வாடிக்கை | காத்திருப்பு, தவணை |

## யாருக்கு எது?

நூறு பேருக்கு மேல் வகுப்பு, ஆசிரியர் ஒருவர், வேறு உதவி இல்லை என்றால் வகுப்பறையையே எடுங்கள். திட்ட அறிக்கைக்குப் பதிலாக, ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சிறு கடையின் ஒரு வார வரவு செலவை எழுதிவரச் சொல்லுங்கள். சொந்த நிலமும் விடுதியும் உள்ள கல்லூரி, வாடகை போட்ட வளாகத் தொழில். வேலையில் இருந்துகொண்டே படிக்க வருபவர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், கேப் கோஸ்ட் முறைதான்.

எனக்குப் போன் செய்த தம்பியின் நிலைமைக்கு, அதாவது நாற்பது பேர், ஒரு செமஸ்டர், பக்கத்தில் வடசென்னை என்றால், நான் சொன்னது இது. முதல் நான்கு வாரம் வகுப்பு, கணக்கும் விலையும் மட்டும். ஐந்தாவது வாரத்திலிருந்து எட்டுப் பேர் வீதம் ஐந்து குழு. ஆளுக்கு 200 ரூபாய் கைக்காசு, துறையிலிருந்து குழுவுக்கு 3,000 ரூபாய் கடன். இரண்டு குழு காசிமேடு, இரண்டு கொளத்தூர், ஒன்று செங்குன்றம். ஜூலையில் தொடங்கினால் தடைக்காலம் முடிந்திருக்கும், மழை பிடிப்பதற்குள் எட்டு வாரம் ஓடிவிடும். கடனைத் திருப்பிக் கட்டிவிட்டு இன்னும் விற்க ஆசைப்படும் குழு எது என்று டிசம்பரில் பாருங்கள், அவர்களை மட்டும் இன்குபேட்டருக்கு எழுதிக்கொடுங்கள்.

காசிமேட்டுக்குப் போகும் இரண்டு குழுவுக்கும் ஐஸ் எங்கே, எத்தனை மணிக்கு, என்ன விலைக்குக் கிடைக்கும் என்று முந்தின நாளே கேட்டுவைக்கச் சொல்லுங்கள். ஆளுக்கு ஒரு சின்ன நோட்டும் சட்டைப் பையில் இருக்கட்டும்.